செல்போர்ன்: ஒரு தெருவும் இருபத்தைந்து ஆண்டுக் குறிப்பேடும்

(வட்டார அளவிலான ஆசிரியர் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னால், முன்பெல்லாம் நானே அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன். "எங்கள் ஊரில் ஒரு கோயில் உள்ளது. ஓர் ஏரி உள்ளது. ஓர் அஞ்சலகம் உள்ளது. எங்கள் ஊர் அழகான ஊர்." பிள்ளைகளும் அழகாகப் பார்த்து எழுதுவார்கள். நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால் எல்லா நோட்டிலும் அதே நான்கு வரி இருக்கும். பிழையும் இருக்காது, ஊரும் இருக்காது. 'நன்று' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

அந்தப் பழக்கத்தில் என்னை இடறிவிட்டது ஓர் ஆங்கிலப் புத்தகம். 1789-இல் வந்தது. செல்போர்ன் என்ற கிராமத்தின் இயற்கை வரலாற்றையும் பழமைச் சின்னங்களையும் பற்றியது. எழுதியவர் கில்பர்ட் ஒயிட். வெளியிட்டவர் அவருடைய தம்பி பெஞ்சமின். புத்தகம் முழுக்கக் கடிதங்கள்தான். அந்தச் சிறிய ஊரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நான் அங்கே போனதில்லை. போகாமலேயே தெருத் தெருவாக நடந்து பார்த்ததுபோல் இருக்கிறது என்றால் அது ஒயிட் செய்த வேலை.

தெருத் தெருவாக என்றேன். உண்மையில் அங்கே இருப்பது ஒரே தெரு. இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், லண்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 50 மைலில் இருக்கிறது செல்போர்ன். முக்கால் மைல் நீளத்துக்கு அந்தத் தெரு போகிறது. அதற்கு இணையாக, ஊருக்கு மேலே 300 அடி உயரத்தில் சுண்ணாம்புப் பாறைக் குன்று. குன்றின் சரிவு முழுவதும் பீச் மரக்காடு. சரிவில் தொங்குவதுபோல் நிற்கிற காடு என்பதால் அதற்கு 'ஹேங்கர்' என்று பெயர். செங்குத்தான அந்தச் சரிவில் ஏறுவதற்கு ஒயிட்டும் அவருடைய தம்பி ஜானும் 1753 வாக்கில் ஒரு வளைவுப் பாதை வெட்டினார்கள். 'ஜிக்ஜாக்' என்று அழைக்கப்படும் அந்தப் பாதையில் இன்றும் மக்கள் ஏறிப்போகிறார்கள். ஊருக்கு ஒரு பாதை வேண்டுமென்று மனு எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை பாருங்கள்!

தேவாலயத்தின் அருகே ஒரு சதுக்கம். 'பிளெஸ்டர்' என்பார்கள், விளையாடும் இடம் என்று பொருள். முன்பு அதன் நடுவில் ஒரு பெரிய ஓக் மரம் இருந்ததாம். சுற்றிலும் கல் படிகள், அதன்மேல் உட்காரும் இடங்கள். பெரியவர்கள் அமர்ந்து ஊர்க் காரியம் பேசுவார்கள், இளையவர்கள் ஆடிப்பாடுவார்கள். நம் ஊர் ஆலமரத்தடி மேடை என்றே வைத்துக்கொள்ளலாம். 1703-இல் இங்கிலாந்தையே உலுக்கிய பெரும்புயலில் அந்த மரம் சாய்ந்தது. ஊரே வருந்தியது. அப்போதைய பாதிரியார் தம் கைப்பணத்தைச் செலவிட்டு மரத்தை நிமிர்த்தி மறுபடி நட்டார். கொஞ்ச காலம் துளிர் விட்டது. பிறகு பட்டுப்போனது. இது ஒயிட் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. பெரியவர்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார்.

இன்னொரு மரம் தேவாலய வளாகத்தில் நின்ற யூ மரம். ஒயிட் நூல் பிடித்து அளந்தபோது அதன் சுற்றளவு 23 அடி. பல நூறு ஆண்டுக்கால மரம். 1990 ஜனவரி 25 அன்று அடித்த புயலில் அதுவும் விழுந்தது. விழும்போது அதன் சுற்றளவு ஏறத்தாழ 26 அடி. வேரோடு மண் பெயர்ந்ததில் பழங்காலத்துப் புதைகுழிகளின் எலும்புகள் வெளியே வந்தன. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிளைகளைக் கழித்து, இயந்திரம் கொண்டுவந்து மரத்தை நிமிர்த்தி மறுபடி நட்டார்கள். துளிர் விட்டது. பிறகு பட்டுப்போனது. 287 ஆண்டு இடைவெளியில் ஒரே ஊரில், சில அடி தூரத்தில், இரண்டு மரங்களுக்கு ஒரே கதை. முதல் கதையை ஒருவர் எழுதி வைத்திருக்காவிட்டால் இரண்டாவது கதை வெறும் செய்தியாகப் போயிருக்கும். பட்ட அடிமரம் இன்னும் அங்கேயே இருக்கிறது. அதிலிருந்து எடுத்த ஒரு போத்து பக்கத்தில் நடப்பட்டிருக்கிறது.

இனி, யார் இந்த ஒயிட்? 1720-இல் செல்போர்னிலேயே, பாதிரியாராக இருந்த தாத்தாவின் வீட்டில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தார். அந்த ஊருக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமை ஆக்ஸ்போர்டின் ஒரு கல்லூரியிடம் இருந்தது. இவர் படித்ததோ வேறு கல்லூரி. அதனால் கடைசிவரை சொந்த ஊரில் துணைப் பாதிரியாராகத்தான் இருக்க முடிந்தது. பதவி உயர்வு இல்லாத பணி என்றால் என்ன என்று நம்மில் சிலருக்கு நன்றாகவே தெரியும். 1793 ஜூன் 26 அன்று தெருவோரத்திலிருந்த தம் 'வேக்ஸ்' வீட்டில் காலமானார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். கல்லறையில் பெயரின் முதலெழுத்துகளும் தேதியும் மட்டுமே இருக்கும். தேவாலயத்தில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. புனித பிரான்சிஸ் பறவைகள் நடுவே நிற்கும் காட்சி. ஒயிட் பிறந்த இருநூறாவது ஆண்டு நினைவாக வைக்கப்பட்டது.

அவருடைய நண்பர் டெய்ன்ஸ் பேரிங்டன் ஒரு வழக்கறிஞர். கட்டம் போட்டு அச்சடித்த ஒரு குறிப்பேட்டை அவர் அனுப்பிவைத்தார். காற்று எந்தத் திசை, மழை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, எந்த மரம் முதலில் துளிர்த்தது, எந்தப் பறவை எப்போது வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. நம் வருகைப் பதிவேடு மாதிரியே! வந்த பறவைக்கு ஒரு குறி, வராத பறவைக்கு ஒரு காலி இடம். 1768-இல் தொடங்கி, இறந்த மாதம் வரை, இருபத்தைந்து ஆண்டுகள் ஒயிட் அதை நிரப்பிக்கொண்டே வந்தார். பதிவேடு என்றாலே நமக்குச் சலிப்பு வரும். அவருக்கும் வந்திருக்கும். ஆனால் அந்தக் கட்டங்களிலிருந்துதான் புத்தகம் வந்தது.

நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட 'உள்ளது' என்ற சொல்லுக்கு வருகிறேன். செல்போர்னில் ஒரு நீரூற்று உள்ளது. ஊரின் தென்கிழக்குக் கோடியில், வற்றாத ஊற்று. நான் அதோடு நிறுத்தியிருப்பேன். ஒயிட் 1781 செப்டம்பர் 14 அன்று அங்கே போனார். குளிர்காலத்தில் மழை இல்லை, வசந்தத்திலும் இல்லை, அதன்பின் கடுமையான கோடை. ஊர்க் கிணறுகள் பலவும் வறண்டுவிட்டன, குளங்கள் காய்ந்துவிட்டன. அந்த நாளில் ஊற்றிலிருந்து நிமிடத்துக்கு 9 காலன் நீர் வந்தது. மணிக்கு 540, ஒரு நாளைக்கு 12,960 காலன். ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். ஆனால் எந்த நாளில் அளப்பது என்று தேர்ந்தெடுத்தாரே, அதைப் பாருங்கள். நீர் பெருகி ஓடும் நாளில் அளந்திருந்தால் அது வெறும் எண். எல்லாம் வற்றிய நாளில் அளந்ததால் 'வற்றாத ஊற்று' என்ற ஊர்ப்பேச்சுக்கு ஆதாரம் கிடைத்துவிட்டது.

ஊருக்குள் வரும் வண்டிப்பாதைகளையும் அப்படித்தான் பார்த்தார். காலங்காலமாகச் சக்கரங்கள் தேய்த்தும் மழைநீர் அரித்தும் அவை வயல் மட்டத்திலிருந்து 16, 18 அடி ஆழத்துக்கு இறங்கிவிட்டனவாம். பாதை என்பதைவிட வாய்க்கால் என்றே சொல்லலாம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் எதிரொலி. ஊரையொட்டிய வயல்வெளியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று கத்தினால் எதிரொலி தெளிவாகத் திரும்பி வரும். பிள்ளைகள் கத்திக் களித்துவிட்டுப் போகிற விஷயம். ஒயிட் அங்கே நின்று லத்தீன் கவிதை வரிகளைச் சொல்லிப் பார்த்தார். அசைகள் வேகமாக ஓடும் வரியைச் சொன்னபோது பத்து அசைகள் திரும்பி வந்தன. கனத்து நிதானமாக நடக்கும் வரியைச் சொன்னபோது நான்கோ ஐந்தோதான் வந்தன. தமிழாசிரியர்களுக்கு இது உடனே புரிந்திருக்கும். குறில் நிறைந்த அடியையும் நெடில் நிறைந்த அடியையும் மலை முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பது போலத்தான். மாத்திரை நீண்டால், முதலில் சொன்னது திரும்பி வருவதற்குள் நாம் இன்னும் பேசிக்கொண்டிருப்போம், அது நம் குரலிலேயே மூழ்கிவிடும்.

பிறகு எதில் பட்டு ஒலி திரும்புகிறது என்று தேடினார். ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களை உலர்த்துவதற்காகக் கட்டிய ஒரு கல் கட்டடம் அது. பீர் காய்ச்சுவதற்கு அந்தப் பூக்கள் வேண்டும். தூரத்தை அளந்தார். 258 கெஜம். அதாவது சுமார் 236 மீட்டர். போகவும் வரவும் ஒலிக்கு ஏறத்தாழ 1.4 வினாடி ஆகும் என்று நம் ஒன்பதாம் வகுப்பு மாணவர் கணக்குப் போட்டுவிடுவார். அந்தக் காலத்து அறிஞர் ஒருவர், ஓர் அசை தெளிவாகத் திரும்பி வர 120 அடி வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒயிட்டின் அளவில் ஓர் அசைக்கு 75 அடிதான் வந்தது. புத்தகத்தில் இருந்த எண்ணுக்காகத் தம் அளவை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். இடமும் காற்றின் தன்மையும் மாறினால் எதிரொலியும் மாறும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கதை அதோடு முடியவில்லை. சில காலம் கழித்து அந்த எதிரொலி நின்றுவிட்டது. கட்டடம் அப்படியே இருக்கிறது, ஒலி மட்டும் வரவில்லை. இடையிலிருந்த நிலத்தில் ஹாப்ஸ் பயிரிட்டுவிட்டார்கள். கொடி படர்ந்த கம்புகள் குரலை விழுங்கிவிட்டன. அறுவடைக்குப் பிறகு கம்புகளைப் பிடுங்கிய பின்னும் வரவில்லை, ஏனென்றால் பயிருக்குக் காற்றுத் தடுப்பாக உயரமான வேலி வளர்த்திருந்தார்கள். ஒரு பயிர் மாறியதில் ஊர் ஒரு அடையாளத்தை இழந்தது. அதைக் குறித்து வைத்தவர் அவர் ஒருவர்தான்.

இதோடு சேர்ந்த ஒரு வேடிக்கையும் உண்டு. எதிரொலி தேனீக்களுக்கு ஆகாது என்பது ரோமானியக் கவிஞர் வெர்ஜில் காலத்திலிருந்து சொல்லிவந்த கருத்து. ஒயிட் ஒரு பெரிய ஊதுகுழலை எடுத்துப்போய்த் தம் தேன்கூட்டின் பக்கத்தில் நின்று உரக்கக் கத்திப் பார்த்தார். தேனீக்கள் கண்டுகொள்ளவே இல்லை. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுக் கருத்தைச் சோதிக்க அவருக்குச் செலவு எதுவும் ஆகவில்லை. பக்கத்து வீட்டார் என்ன நினைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

பறவை, விலங்குகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் மதிய உணவு இடைவேளை போய்விடும். ஒன்றிரண்டு மட்டும். ஒரே இனம் என்று எல்லோரும் நினைத்திருந்த சின்னக் கதிர்க்குருவிகளை, பாட்டைக் கேட்டே மூன்று தனி இனங்கள் என்று பிரித்தார். கதிர்களின் மேல் கூடு கட்டும் மிகச் சிறிய எலி ஒன்றைப் பிரிட்டனில் முதலில் அடையாளம் காட்டியவரும் அவர்தான். இரண்டு எலிகளைத் தராசில் வைத்தால் ஒரு செப்பு அரைப்பென்னி நாணயத்துக்குச் சமம் என்று எழுதினார். மண்புழு இல்லாவிட்டால் மண் இறுகிச் செத்துவிடும் என்று 1777-இல் எழுதினார். டார்வின் மண்புழுவைப் பற்றித் தனி நூல் எழுதியது 1881-இல். ஒயிட் வளர்த்த ஆமை டிமோத்தியின் ஓடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலமெல்லாம் 'அவன்' என்றே ஒயிட் எழுதிய டிமோத்தி, பெண் ஆமை என்று பின்னாளில் தெரியவந்தது.

இப்போது அவர் தவறிய ஓர் இடம். குளிர்காலத்தில் தகைவிலான்கள் எங்கே போகின்றன? இந்தக் கேள்வி அன்று பெரிய விவாதமாக இருந்தது. அவை தொலைதூரம் வலசை போகின்றன என்று ஒரு சாரார். போவதில்லை, எங்கேயோ பொந்தில் உறங்கிக் கிடக்கின்றன என்று இன்னொரு சாரார். குறிப்பேடு அனுப்பிய பேரிங்டன் இரண்டாவது கட்சி. ஒயிட்டின் தம்பி ஜான் ஜிப்ரால்டரில் இருந்தார். தகைவிலான்கள் கடலைக் கடந்து போவதைக் கண்ணால் பார்த்து எழுதினார். அதை ஒயிட் நம்பினார். ஆனாலும், எல்லாமே போய்விடுகின்றனவா என்ற சந்தேகம் அவரை விடவில்லை. காரணம் இருந்தது. எல்லாம் போய்விட்டன என்று நினைத்த பிறகு, நவம்பரில் ஒரு நாள் வெயில் அடித்தால் ஒன்றிரண்டு குஞ்சுகள் தெருவில் பறக்கும். இவ்வளவு தாமதமாகப் பிறந்த குஞ்சு எப்படிக் கடல் கடக்கும்? இங்கேயே எங்கேயோதான் இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

தேடினார். 1781 ஏப்ரலில் ஆட்களை வைத்து ஹேங்கர் சரிவில் புதர்களையும் பொந்துகளையும் கிளறச் சொன்னார். உறங்கும் பறவை ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, அந்த ஆண்டின் முதல் பறவை, தகைவிலான் இனத்தைச் சேர்ந்த மார்ட்டின், தெருவழியே பறந்து வந்து ஒரு பழைய கூட்டுக்குள் நுழைந்தது! வேறு யாராக இருந்தாலும் 'பார்த்தீர்களா, நான் சொன்னது சரி' என்று எழுதியிருப்பார்கள். அல்லது வெறுங்கையோடு திரும்பியதை மறைத்திருப்பார்கள். இவர் தேடியதையும் எழுதினார், கிடைக்காததையும் எழுதினார்.

விடை தெரிய இன்னும் நூற்றுமுப்பது ஆண்டுகள் ஆயின. 1911 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு தகைவிலானின் காலில் வளையம் மாட்டிவிட்டார்கள். 1912 டிசம்பரில் அதே பறவை தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் பிடிபட்டது. நம் ஊர் மின்கம்பிகளில் குளிர்காலத்தில் வரிசையாக உட்காரும் தகைவிலான்களும் வடக்கேயிருந்து வலசை வருபவைதான்.

சிவப்பு மை பேனாவோடு இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஒயிட்டின் விடை தவறு. என் விடைக்குறிப்பின்படி மதிப்பெண் பூஜ்யம். 'பறவைகள் வலசை போகின்றன' என்று புத்தகத்தைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண். அந்தப் பிள்ளை ஒரு பறவையைக்கூடப் பார்த்திருக்க வேண்டியதில்லை. இப்போதெல்லாம் பிள்ளைகள் தவறாக எழுதினால், 'இதை எதை வைத்துச் சொல்கிறாய்?' என்று பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். நேரம் பிடிக்கிறது. நாற்பது நோட்டுக்கும் அப்படி எழுத முடிவதில்லை. வாரத்துக்கு ஐந்து நோட்டாவது எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று. இது ஊர்ச் சின்னங்களைப் பற்றியது அல்ல. 1775 டிசம்பரில் எழுதிய ஒரு கடிதத்தில், இருபது ஆண்டுகளுக்கும் முன்னால் செல்போர்னில் இருந்த ஒரு சிறுவனைப் பற்றி ஒயிட் எழுதுகிறார். சிறப்புத் தேவையுடைய பிள்ளை என்று இன்று நாம் சொல்வோம். அவர் சொன்ன சொல்லை இன்று நாம் எந்தப் பிள்ளையைப் பற்றியும் சொல்ல மாட்டோம். அந்தப் பையனுக்குத் தேனீ என்றால் உயிர். அதுதான் அவன் சாப்பாடு, அதுதான் விளையாட்டு. வெறுங்கையால் தேனீயைப் பிடிப்பான், கொடுக்கை எடுப்பான், தேன் பையை உறிஞ்சுவான். சட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் தேனீக்களை நிறைத்து வைத்திருப்பான். கொட்டுக்கு அவன் பயப்பட்டதே இல்லை. பிறர் வீட்டுத் தேன்கூடுகளின் முன்னால் போய் உட்கார்ந்து விரலால் தட்டுவான். வெளியே வருகிற தேனீக்களைப் பிடித்துக்கொள்வான். தேன்கூடு வைத்திருந்தவர்களுக்கு அவனால் பெரிய தொல்லை. ஓடும்போது உதட்டால் தேனீ மாதிரி ரீங்காரமிட்டுக்கொண்டே ஓடுவான். பஞ்சுருட்டான் பறவையோடு அவனை ஒப்பிடுகிறார் ஒயிட். குளிர்காலம் வந்துவிட்டால் அப்பா வீட்டில் அடுப்பு மூலையில் சுருண்டு கிடப்பான், அநேகமாக வெளியே வரமாட்டான்.

இந்தத் திறமையை யாராவது சரியாக வழிநடத்தியிருந்தால், அந்நாளில் தேனீக்களை வைத்து வித்தை காட்டிப் பெயர் பெற்ற வைல்ட்மன் என்பவரைப்போல் அவனும் ஆகியிருக்கலாம் என்கிறார் ஒயிட். யாரும் வழிநடத்தவில்லை. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தர உயிலில் பணம் ஒதுக்கியவர் ஒயிட்டின் தாத்தா. அந்த ஊர்தான் இது. பையன் வளர்ந்ததும் அவனைத் தொலைவிலுள்ள வேறொரு கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வாலிபனாகும் முன்பே அங்கே இறந்துபோனான் என்று ஒயிட் கேள்விப்பட்டிருக்கிறார்.

ஊரில் யார் வீட்டிலாவது தேனில் மது காய்ச்சினால் அந்தத் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வருவானாம். 'தேனீ ஒயின்' ஒரு வாய் கொடுங்கள் என்று கேட்பானாம். அவன் வாயிலிருந்து வந்ததாக நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஒரு சொல்தான். குருவியை மூன்றாகப் பிரித்துப் பெயர் சொன்ன புத்தகம், ஆமைக்குக்கூடப் பெயர் இருக்கிற புத்தகம். அவன் பெயர் என்ன என்று அதே கடிதத்தில் திரும்பத் திரும்பத் தேடினேன். இல்லை.